எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

இரண்டு எலுமிச்சம்பழங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. விமானம்தான் அங்கே இல்லை.

சக்கரத்துக்கு ஒன்றாகப் பூசாரி தம் கையாலேயே வைத்த பழங்கள். மஞ்சள் தோலில் குங்குமம் அப்பியிருந்தது. வண்டி முன்னால் நகர்ந்து பழத்தை நசுக்க வேண்டும். நசுங்கினால் திருஷ்டி கழிந்தது. லாரி வாங்கினாலும் மொபெட் வாங்கினாலும் எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். வீட்டிலேயே செய்த விமானத்துக்கு மட்டும் தனி வழக்கமா இருக்கப் போகிறது?

காற்றுக்கும் தூசுக்கும் போடுகிற பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், ஒரு காலத்தில் காருக்குள் இருந்த எஞ்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூக்கில் மரக் காற்றாடி சுற்றியது. மெதுவாக விசையைக் கூட்டினேன். எதிரே தள்ளி, ஓரமாக நின்ற பூசாரியின் தட்டில் சூடம் பொசுக்கென்று அணைந்தது. அவருடைய வேட்டி முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவர் என்னை விட்டு விலகிப் போக ஆரம்பித்தார். காலை எடுத்து வைக்காமலே ஒரு மனிதர் எப்படிப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போனது அவர் இல்லை, நான். விமானம் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"யாத்தே, பின்னாலல்ல போகுது" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவ்வளவுதான், திருவாதவூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. நான் எஞ்ஜினை நிறுத்துவதற்குள் வால் போய் வைக்கோல் போரில் முட்டிக்கொண்டது. பெட்ரோல் வாசனையும் சூடத்தின் வாசனையும் வைக்கோல் தூசும் சேர்ந்து மூக்கில் ஏறின. இன்றைக்கும் எங்காவது சூடம் அணைந்த புகை வந்தால் எனக்குப் பெட்ரோல் ஞாபகம்தான் வரும்.

என் மாமியார் பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, தம் மகனையும் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு பழத்தையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"பழம் நசுங்காத வண்டில எம் மருமக ஏறக் கூடாது" என்றார். "மழை விழுந்ததும் காட்டை உழுதுருவேன். அம்புட்டுத்தான்."

அத்தை "அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சுவரில் தொங்கிய காற்றாடி

"இந்தத் தொடரில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை ஏன் இத்தனை வாரமாக எழுதாமல் இருக்கிறீர்கள், பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்று நினைக்கிறீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதெல்லாம் இல்லை, தாயே. சந்தர்ப்பம் வரவில்லை. அவர் பெயர் ராஜாங்கம். கப்பலூரில் பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். இடதுகைக்காரர். இந்த இடதுகை விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் மதுரை டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் படிக்கும்போது காக்கி உடுப்புப் போட்டு அணிவகுத்துப் போகிற கூட்டத்தில் சேர்ந்தேன். அதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்ததால் வெளியூரில் ஒரு பறக்கும் கிளப்பில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு காலை நேரத்தில் என் ஆசிரியர் விமானத்தை விட்டு இறங்கி, கதவைச் சாத்தி, "நீயே போய்ட்டு வா" என்றார். தனியாகப் போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். அந்த ஒரு சுற்றில் என் மனசு எங்கே போய் உட்கார்ந்ததோ, அது அப்புறம் முழுசாகக் கீழே இறங்கவே இல்லை.

பட்டம் வாங்கியதும் அப்பா "போதும்மா" என்றார். கிளப்புக்குப் போவது நின்றது. வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வந்தவர்களெல்லாம் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். ராஜாங்கம் மட்டும் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மேல போகும்போது எஞ்ஜின் சத்தம் மாறுமா?" என்று கேட்டார். நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். என் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு எல்லோரும் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமுமாகக் கொடுத்தபோது, கிளப்பிலிருந்து ஒரு மரக் காற்றாடி வந்தது. நுனி அடிபட்டுக் கழித்துப் போட்டது, ஆள் உயரத்துக்கு இருக்கும். அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். தினமும் காலையில் காபி குடிக்கும்போது ராஜாங்கம் அதையே பார்ப்பார்.

ஒரு நாள் சொன்னார், "சும்மா தொங்குதே கஸ்தூரி. அதுக்குப் பின்னால ஒரு எஞ்ஜினை வச்சா என்ன?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பாதிரியாரின் கார்

கார் எஞ்ஜினை விமானத்தில் வைக்கலாம் என்பது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. வெளிநாட்டில் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்கள் ரொம்ப நாளாகச் செய்கிற காரியம்தான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒற்றை ஆள் உட்காரும் விமானத்துக்கு வரைபடமே போட்டிருந்தது. எந்த எஞ்ஜினை வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் நம் ஊர் டாக்சி எஞ்ஜின் ஒன்றைக் கொண்டு வந்து தராசில் ஏற்றினார். தராசுக்கே முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது. அது போதாதென்று தண்ணீர், தண்ணீருக்குத் தொட்டி, தொட்டிக்குக் குழாய். "இதைத் தூக்கிக்கிட்டு அது எங்கிட்டுப் பறக்க, நாமதான் அதைத் தூக்கிட்டுப் போகணும்" என்று அவரே தள்ளி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த வண்டுக் கார் கிடைத்தது. கொடைக்கானலில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பாதிரியார், ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன கார். முதுகு வளைந்து பார்க்க வண்டு மாதிரியே இருக்கும், எஞ்ஜின் பின்பக்கம். மலை மழையில் உடம்பெல்லாம் துருப்பிடித்து, கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. எஞ்ஜின் மட்டும் கெட்டியாக இருந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், காற்றே குளிர வைத்துவிடும். எடையும் குறைவு. ராஜாங்கம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அது எழுபதுகளின் கடைசி. பட்டறையில் பகலெல்லாம் பம்ப்செட் வேலை, சாயங்காலம் விமான வேலை. கூடு முழுக்க மரம். சுவரிலிருந்து இறக்கிய காற்றாடியின் இரண்டு நுனியையும் ராஜாங்கம் சமமாகச் சீவி, அடிபட்ட இடத்தைச் சரிசெய்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வஜ்ரப் பசை காய்ச்சுவேன், ஒட்டுவேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். கோந்து நகக்கண்ணில் புகுந்து சாப்பிடும்போதெல்லாம் அதே வாடைதான் அடிக்கும்.

இறக்கைக்குத் துணி வாங்கச் சிம்மக்கல் போனோம். மொத்தக் கடை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும், பீஸ் பீஸாக வேண்டும் என்றதும் கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

"கல்யாணமாம்மா? பந்தலுக்கா, இல்ல சீர் செய்யவா?"

"இல்லண்ணே, ரெக்கைக்கு" என்றேன்.

அவர் ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் தலையாட்டினார். "அப்ப சாயம் போகாத துணியாத் தாரேன்" என்று சொல்லி, எதையும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். மதுரைக் கடைக்காரர்களை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

துணியை மரக் கூட்டின் மேல் இழுத்து ஒட்டி, காருக்கு அடிக்கிற லாக்கரைப் பூசினோம். காய்ந்ததும் இறுகியது. சுண்டிப் பார்த்தால் உறுமிமேளம் மாதிரி சத்தம் கேட்டது.

அத்தையின் காடு

பறக்க இடம் வேண்டுமே. திருவாதவூரில் என் மாமியாருக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. மாமா காலமான பிறகு அத்தைதான் விவசாயம் பார்த்தார். ஆடியில் முதல் மழை விழுந்ததும் உழுது கடலை போடுவார். அதுவரை செம்மண் தரை காய்ந்து, கட்டாந்தரையாகக் கிழமேலாக நீண்டு கிடக்கும். அத்தையிடம் கேட்டோம்.

"மழைக்குள்ள முடிச்சுக்கங்க" என்றார். "மழை விழுந்தா நான் ஒரு நாளும் நிக்க மாட்டேன்."

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. கிணற்றுக்குக் கரண்டு வேண்டும் என்று அத்தை பல வருஷமாக அலைந்து, அப்போதுதான் கம்பம் நட அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வருஷக் கடலையை எடுத்ததும் காட்டின் குறுக்கே கம்பி வந்துவிடும். கம்பி ஓடுகிற காட்டில் விமானம் ஓட்ட முடியாது. வேறு காடு எங்களுக்கு இல்லை. எந்த விமான நிலையத்திலும் எங்கள் வண்டியை வாசலில்கூட விட மாட்டார்கள். ஆக, அந்தக் கோடையை விட்டால் எனக்கு இனி ஆகாயம் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கோந்து தடவும்போதெல்லாம் மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தடவினேன்.

சட்டப்படி இது சரியா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பனைமர உயரத்துக்கு மேலே போவதில்லை, காட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை, எழும்பி உடனே இறங்கிவிடுவது என்பதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. இப்போது வந்து யாரும் வழக்குப் போட வேண்டாம்.

அத்தை இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். "பூசை போடாம அந்தக் காத்தாடியை மாட்டி ஓட்டக் கூடாது. ஆனியில நல்ல நாள் பாத்துருக்கேன். அன்னைக்கு மாட்டுங்க."

அதனால் பட்டறையில் எஞ்ஜினை ஓட்டிப் பார்த்ததெல்லாம் காற்றாடி இல்லாமல்தான். சாமி காரியம், மீற முடியுமா? முதல் முறை காற்றாடி சுற்றியதே, விமானத்தை லாரியில் ஏற்றி அத்தையின் காட்டுக்குக் கொண்டுபோன பிறகு, பூசையன்றுதான். அது எப்படிப் போனது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டு விரல்கள்

அன்று பூசை முடிந்து, அதாவது முடியாமல், நானும் ராஜாங்கமும் பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினோம். ஒத்தக்கடை தாண்டியது. யானைமலை சன்னலோரமாக நகர்ந்து போனது.

"ஏங்க, சூடம் ஏன் அணைஞ்சுச்சு?" என்றேன்.

"காத்துல."

"காத்து பின்னாலதானே போகணும்? பூசாரி முன்னால்ல நின்னாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "கிளப்புல காத்தாடி எந்தப் பக்கமா சுத்தும்?"

உள்ளே உட்கார்ந்து பார்த்த ஞாபகத்தில் என் விரலைச் சுற்றிக் காட்டினேன். எங்கள் எஞ்ஜின் உள்ளிருந்து பார்த்தால் எப்படிச் சுற்றும் என்று அவரும் தன் விரலைச் சுற்றிக் காட்டினார். என் விரல் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றியது. அவருடையது அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இரண்டு பேரும் விரலைச் சுற்றியபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் போட வந்த கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். காற்றாடி அதற்கென்று செதுக்கிய பக்கமாகச் சுற்றினால் காற்றைப் பின்னால் தள்ளும், வண்டி முன்னால் போகும். மாற்றிச் சுற்றினால் எல்லாமே தலைகீழ். என் கல்யாணக் காற்றாடி கிளப் விமானத்துக்காகச் செதுக்கியது. வண்டுக் காரின் எஞ்ஜினோ, ராஜாங்கம் வைத்த வாக்கில், எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஜாதி. எஞ்ஜின் அவருக்குத் தெரியும், காற்றாடி எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சுற்றும் என்று அவர் என்னையும் நான் அவரையும் கேட்கவே இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், எனக்குப் பார்த்ததுமே உறைத்திருக்க வேண்டும். கிளப்பில் எஞ்ஜினைக் கிளப்ப ஒருவர் முன்னால் நின்று காற்றாடியைக் கையால் இழுத்து விடுவார். உள்ளே இருக்கும் எனக்கு அது வலப்பக்கமாக இறங்கும். அன்று ராஜாங்கம் இழுத்தபோது இடப்பக்கமாக இறங்கியது. பார்த்தேன். இவர்தான் இடதுகைக்காரராயிற்றே, எதைத்தான் நேராகச் செய்திருக்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்றார்.

"நீங்க கேட்டிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

மதுரை வந்து சேருகிற வரை சண்டை போட்டோம். இறங்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டை எல்லாவற்றுக்கும் இதே இரண்டு வரிதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

சரி செய்ய வழி இருந்தது. எஞ்ஜினைத் தலைமாற்றி வைத்து, காரில் சக்கரத்துக்கு விசை போகிற பக்கத்தில் காற்றாடியை மாட்டினால் போதும், சுற்றுவது சரியாகிவிடும். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி காற்றாடியைப் பிடிக்கும் இரும்புக் குமிழைப் புதிதாகக் கடைய வேண்டும். எஞ்ஜினைத் தாங்குகிற சட்டத்தையும் அறுத்து மாற்ற வேண்டும். எஞ்ஜினை மட்டும் கழற்றிக் கப்பலூருக்குக் கொண்டுவந்தோம். கூடு அத்தையின் வைக்கோல் கொட்டகையிலேயே இருந்தது. நான் அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல? பழம் நசுங்கவில்லை என்றால் நசுங்கவில்லைதானே.

மழை

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் பட்டறைத் தகரக் கூரையில் முதலில் ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் ஒரு கை அள்ளிப் போட்ட மாதிரி, அப்புறம் பேச்சுக் கேட்காத அளவுக்கு. ராஜாங்கம் லேத்தை நிறுத்தினார். குமிழ் பாதி கடைந்த நிலையில் அதில் நின்றது. மண்வாசனை உள்ளே வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்களெல்லாம் வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மழையைக் கண்டு வயிறு எரிந்த விவசாயக் குடும்பம் அன்று எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

"திருவாதவூர்ல பெய்யாம இருக்கலாம்ல" என்றார்.

கிழக்கே பார்த்தேன். அந்தப் பக்கம் வானம் முழுக்கக் கறுத்திருந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் திருவாதவூருக்குப் பஸ் ஏறினேன். கூடு நனைந்ததா என்று பார்த்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். வழியெல்லாம் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. ஈர மண் புரண்டு ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. மைனாக்கள் ஏருக்குப் பின்னாலேயே நடந்தன. எங்கள் காட்டுக்கு வந்தேன். அதுவும் உழுதிருந்தது. வரப்பில் ஏறி நின்று நிமிர்ந்து பார்த்தேன்.

நடுவில் ஒரு நீளப் பட்டை உழாமல் கிடந்தது.

கிழக்கு வரப்பிலிருந்து மேற்கு வரப்பு வரை, நூல் பிடித்த மாதிரி நேராக, பூசையன்று எங்கள் சக்கரம் நின்ற அதே தடத்தில். இரு பக்கமும் புரட்டிப் போட்ட புதுமண். நடுவில் மட்டும் பழைய கட்டாந்தரை, தார் ரோடு போட்டது போல.

அத்தை வேப்பமரத்தடியில் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அத்தே, நடுவுல உழுகலையே" என்றேன்.

"தெரியுதுல்ல."

"மறந்துட்டாகளா?"

"ஏர் பூட்டுறவன் நடுக்காட்டை மறப்பானா? கேக்குறா பாரு கேள்வி." கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "எஞ்ஜினைத் திருப்பி வைக்கிறானாமுல்ல. சோலி முடிஞ்சுருச்சா?"

ராஜாங்கம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. பார்த்தீர்களா, மறுபடியும் அதே இரண்டு வரி.

"இன்னும் ரெண்டு மூணு நாளாகும் அத்தே. நீங்க ஏறக் கூடாதுன்னீங்களே?"

அத்தை உடைப்பதை நிறுத்தினார்.

"அன்னைக்கு அது பின்னால வந்தப்ப ஊரே சிரிச்சுச்சு. நீ மட்டும் அந்தக் கண்ணாடியக் கழட்டாம உள்ளயே உக்காந்திருந்த. கண்ணாடிக்கு அடியில தண்ணி வந்துச்சு. எல்லாரும் விமானத்தைப் பாத்தாக, நான் உன்னைத்தான் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குத் தாய் வீட்ட விட்டு வரும்போதுகூட நீ அழுகலையே ஆத்தா."

அவருக்கு அதற்கு மேல் பேசக் கூச்சமாகிவிட்டது போல. மறுபடி கடலையை எடுத்துக்கொண்டார்.

"இந்த வாரம் பூராப் பொறுப்பேன். அதுக்கு மேல ஈரம் நிக்காது" என்றார். "வெரசா வரச் சொல்லு."

ஈரம் போனால் விதை முளைக்காது. அவருக்கு அந்தப் பட்டை எத்தனை மூட்டைக் கடலை என்று நான் அன்று யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

ஆடிக் காற்று

வெள்ளிக்கிழமை காலை. எஞ்ஜின் தலைமாறி உட்கார்ந்திருந்தது. செம்மண் மேலாகக் காய்ந்து இறுகியிருந்தது. மேற்கிலிருந்து ஆடிக் காற்று சேலை நிற்காத அளவுக்கு வீசியது. காரின் எஞ்ஜினுக்குச் சக்தி குறைவுதான், கோடை வெப்பத்தில் எழும்புமா என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஆனால் எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்குப் பாதி வேலை மிச்சம். ஆனியில் அந்தக் காற்று கிடையாது. பின்னால் போனதும் ஒரு விதத்தில் நல்லதற்குத்தான் என்று சொன்னால் ராஜாங்கம் இன்றும் முறைப்பார்.

கூட்டத்துக்குச் சொல்லவில்லை. பூசாரியையும் அழைக்கவில்லை. ராஜாங்கத்துக்குத்தான் உறுத்தியது. "ஆடியில புதுசா எதையும் தொடங்கக் கூடாதும்பியேம்மா?"

"யார்ரா தொடங்குனா? ஆனியிலயே தொடங்கியாச்சு" என்றார் அத்தை. "பூசை போட்டாச்சு, சூடம் காட்டியாச்சு. பாக்கி பழம் நசுங்குறது ஒண்ணுதான்."

மடியை அவிழ்த்தார். இரண்டு புதுப் பழம். சக்கரத்துக்கு ஒன்றாக அவரே வைத்தார். வைத்துவிட்டு, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்றார்.

ராஜாங்கம் காற்றாடியை இழுத்தார். எனக்கு வலப்பக்கமாக இறங்கியது. எஞ்ஜின் பிடித்தது. காற்று என் முகத்தில் அறைந்தது, பின்னால் வைக்கோல் பறந்தது. விசையைக் கூட்டினேன். சக்கரம் ஏதோ மெத்தென்ற ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. எலுமிச்சை வாசனை வந்ததா என்று கேட்பீர்கள். பெட்ரோல் வாடையில் எங்கே தெரியும்? ஆனால் வந்ததாகத்தான் நான் வைத்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் உழுத மண் சிவப்பாக ஓடியது. சக்கரம் தடதடவென்று அடித்தது, பல் கிட்டியது. வால் தூக்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பிறகு அந்தத் தடதடப்பு நின்றது.

அதுதான் பறப்பது. வேறு யாரும் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள். தரை நம்மை அடிப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

பனைகளின் தலை என் பக்கத்துக்கு வந்தது. யானைமலை கொஞ்சம் தணிந்தது. கிணற்றுக்குள் வட்டமாகத் தண்ணீர் மின்னியது. ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் மேலே இருந்திருப்பேன். மேற்கு வரப்பு வருவதற்குள் விசையைக் குறைத்து அதே பட்டையில் இறக்கினேன். இரண்டு முறை குதித்து நின்றது.

ராஜாங்கம் ஓடி வந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. அத்தை நடந்து வந்தார். என் கண்ணாடியைத் தம் கையாலேயே கழற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை.

"கெணத்துல தண்ணி தெரிஞ்சுச்சா?" என்றார்.

"தெரிஞ்சுச்சு அத்தே."

"நல்லது. வண்டியை ஓரமாத் தள்ளுங்க. மாடு நிக்கிது."

அப்போதுதான் பார்த்தேன். வரப்பில் ஏர் பூட்டியபடி மாடுகள் காத்துக்கொண்டிருந்தன. நாங்கள் விமானத்தைத் தள்ளி முடிப்பதற்குள் நான் எழும்பிய இடத்தில் கலப்பை இறங்கிவிட்டது. நசுங்கிய பழங்களும் மண்ணோடு மண்ணாகப் புரண்டு போயின.

கம்பங்கள் அந்தக் கார்த்திகையில் வந்தன. கிணற்றில் மோட்டார் ஓடியது. இறக்கைத் துணியை எலி கடித்தது. எஞ்ஜினை, அதே மாதிரி வண்டுக் கார் வைத்திருந்த ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காற்றாடி மறுபடியும் சுவருக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த வருஷம் எங்கள் கடலைக் காடு இரண்டு பச்சையில் நின்றது. முதலில் விதைத்த இடமெல்லாம் கரும்பச்சையாகப் படர்ந்து பூத்துவிட்டது. நடுவில் மட்டும் ஒரு நீளப் பட்டை, இளம்பச்சையாக, பிந்தி வளர்ந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒரு நாள் நானும் அத்தையும் களை வெட்டிக்கொண்டிருந்தோம். வரப்பு வழியாகப் போன பக்கத்துக் காட்டுக்காரி நின்று கேட்டாள். "ஏன் பேச்சியக்கா, நடுவுல மட்டும் எளசா நிக்கிது? வெதை பத்தலையா?"

அத்தை நிமிரவில்லை.

"வெதையெல்லாம் இருந்துச்சு. எம் மருமக மேல போயிருந்தா. எறங்கி வரட்டும்னு நின்னேன்."